மடிவலைக்குள் ட்ரோன்: கடலோரப் பிள்ளைகளுக்குக் குழுப் போட்டி நடத்த ஒரு வழிகாட்டி

இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிப் பக்கம் ஒரு கடலோரக் கிராமத்தில் முதன்முதலாக ட்ரோன் போட்டி வைத்தபோது நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். 16 பிள்ளைகள், 4 குழு, 4 ட்ரோன். வளையத்துக்குள் புகுந்து யார் சீக்கிரம் திரும்புகிறார்களோ அவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தேன். ஒவ்வொரு குழுவிலும் கைவேகம் உள்ள ஒரு பையன் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டான். மற்ற மூன்று பேரும் கைதட்டினார்கள். மூன்று வாரம் கழித்துக் கணக்குப் பார்த்தால், 4 பேர் ட்ரோன் ஓட்டக் கற்றிருந்தார்கள், 12 பேர் நன்றாகக் கைதட்டக் கற்றிருந்தார்கள். ஐந்து பெண் பிள்ளைகளில் ஒருத்தியும் ரிமோட்டைத் தொட்டிருக்கவில்லை.

வேடிக்கை பார்க்க வந்திருந்த விசைப்படகு டிரைவர் ஒருவர் கேட்டார்: “டிரைவரை மட்டும் ஏத்திக்கிட்டுக் கடலுக்குப் போனா மடிவலையை யாரு சார் இழுக்கிறது?”

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் போட்டியை வேறு மாதிரி அமைத்தேன். புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்களுக்கும் ஊர் இளைஞர்களுக்கும் உதவட்டும் என்று அந்த முறையை வரிசையாக எழுதுகிறேன். எலக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது, எங்கே

நம் கடற்கரையில் இதற்கு வாகான ஒரு காலம் தானாகவே அமைந்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், அப்பாமார்கள் ஊரில் இருப்பார்கள், பள்ளிக்கும் விடுமுறை. ஏப்ரல் கடைசி வாரம் பயிற்சியைத் தொடங்கினால் ஜூன் முதல் வாரத்தில் போட்டியை வைத்துவிடலாம். வாரத்துக்கு நாலு நாள், காலை ஆறரை முதல் எட்டரை வரை. ஐந்து வாரம் தாராளம்.

கடற்கரையில் பறக்கவிடலாமே என்று எல்லாரும் கேட்பார்கள். முதல் வருடம் வேண்டாம். பிள்ளைகள் பழகும் ட்ரோன் 50, 60 கிராம் எடைதான் இருக்கும். மே மாதத்தில் கச்சான் என்கிற மேற்குக் காற்று பிடித்துவிட்டால் அது ட்ரோனைப் பட்டம் மாதிரி இழுத்துக்கொண்டு போகும். காற்றில்லாத அதிகாலையில் வேறு தொல்லை: கருவாடு காயப்போடும் களத்துக்கு மேல் பருந்து வட்டமடிக்கும், காக்கை கூட்டமாக வந்து விரட்டும். இதெல்லாம் தப்பினாலும் கடைசியில் ட்ரோன் விழுவது சீமைக் கருவேல முள்ளுக்குள்தான். அதை எடுக்கக் கையை விட்டவனிடம் கேட்டுப் பாருங்கள். உப்பும் மணலும் மோட்டாருக்குள் புகுந்துவிட்டால் ட்ரோனின் ஆயுள் அத்தோடு சரி.

ஆகவே ஒரு கூடம் தேடுங்கள். கடலோரக் கிராமங்களில் புயல் பாதுகாப்பு மையங்கள் இருக்கின்றன. வருடத்தில் பெரும்பாலான நாள் பூட்டித்தான் கிடக்கும். ஊராட்சித் தலைவரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் எழுதிக் கொடுத்துக் கேட்டால் கோடையில் கிடைக்க வாய்ப்பு உண்டு. இல்லாவிட்டால் பள்ளிக் கூடம், கல்யாண மண்டபம். பத்தடி உயரம் போதும். மின்விசிறியை நிறுத்துங்கள், கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள். வேர்க்கும், வேறு வழியில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் நாம் இருப்பது சாதாரணக் கரை இல்லை. உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படை விமானதளம் 2009 முதல் இயங்குகிறது. கடற்படையின் ஆளில்லா விமானங்களே அங்கிருந்து பறக்கின்றன. மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையம் இருக்கிறது. தென்கடல் பக்கம் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகள் வனத்துறை வசம். தனுஷ்கோடிக்கு அப்பால் கொஞ்ச தூரத்திலேயே இலங்கையின் கடல் எல்லை. பிள்ளைகள் விளையாட்டுத்தானே என்று பாம்பன் பாலத்தடியில் ட்ரோனைக் கிளப்பினால் விசாரணையில் போய் நிற்க வேண்டியதுதான்.

2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகளின்படி, 250 கிராம் வரை எடையுள்ளது நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவை ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. வணிக நோக்கம் இல்லையென்றால் மைக்ரோவுக்கும் தேவையில்லை. அதற்கு மேல் போகிறவர்களுக்கு 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் பயிற்சியும் வேண்டும். வானத்தையும் மூன்று நிறமாகப் பிரித்திருக்கிறார்கள். பச்சையில் 400 அடி வரை முன்அனுமதி வேண்டாம். விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அந்த உயரம் 200 அடியாகக் குறையும். மஞ்சளில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசு அனுமதித்தால்தான் உண்டு. உங்கள் ஊர் எந்த நிறத்தில் இருக்கிறது என்பதை மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தின் வரைபடத்தில் நீங்களே பாருங்கள். பக்கத்து ஊர்க்காரர் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள். விதியும் வரைபடமும் மாறிக்கொண்டே இருப்பவை, அதனால் ஒவ்வொரு வருடமும் பாருங்கள்.

நாம் கூடத்துக்குள்தான் ஓட்டப் போகிறோம். இருந்தாலும் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் மரைன் போலீஸிடமும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்: இன்ன தேதி, இன்ன இடம், இத்தனை பிள்ளைகள், ட்ரோனின் எடை இவ்வளவு, படம் பிடிக்கும் கேமரா கிடையாது. கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படம் பிடிக்கும் கேமரா இல்லாத ட்ரோனாக வாங்கினாலே பாதித் தலைவலி குறையும் என்பது என் அனுபவம்.

எதை வாங்குவது

நாலு பேருக்கு ஒரு ட்ரோன். 100 கிராமுக்குள் இருக்கட்டும், விசிறிகளைச் சுற்றிப் பாதுகாப்பு வளையம் இருக்கட்டும். தானாக உயரத்தைப் பிடித்து நிற்பதாகவும், கட்டம் கட்டமாக அடுக்கும் முறையிலோ பைத்தான் கணினி மொழியிலோ நிரல் எழுதக்கூடியதாகவும் பாருங்கள். மும்பை ட்ரோனா ஏவியேஷனின் புளூட்டோ இந்த வகையைச் சேர்ந்தது, வேறு நிறுவனங்களும் செய்கின்றன. விலையைக் கேட்பதற்கு முன்னால், தனி விசிறியும் தனி மோட்டாரும் கிடைக்குமா என்று கேளுங்கள். சிறிய ட்ரோன்களில் உள்ள மோட்டார் சில மணி நேரப் பறப்பிலேயே தேய்ந்துவிடும். ஒரு ட்ரோனுக்கு 8 விசிறியும் 4 மோட்டாரும் கையிருப்பு இல்லாமல் தொடங்காதீர்கள். பதிவு சம்பந்தமான தாள்களையும் விற்பவரிடம் அப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

நம் பக்கத்தில் முக்கால்வாசி வீட்டில் வளைகுடாவில் ஒரு மாமாவோ மச்சானோ இருப்பார். “அங்கே சல்லிசு சார், வரும்போது நாலு கொண்டுவரச் சொல்றேன்” என்பார்கள். வேண்டவே வேண்டாம். முழுதாகச் செய்த ட்ரோன்களை இறக்குமதி செய்வதற்கு 2022 பிப்ரவரி முதல் தடை இருக்கிறது. உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. ஆனால் உதிரிபாகம் வாங்கிக் கோத்துச் செய்வது இரண்டாம் வருட வேலை. முதல் வருடமே பற்றவைப்புக் கோலைக் கையில் கொடுத்தால் ஐந்து வாரமும் அதிலேயே போய்விடும்.

வலை கட்டுவது

கடலோரத்துக்காரர்களுக்கு இது ஒன்று இலவசம். ட்ரோன் பயிற்சிக்கு வலைக்கூண்டு என்று தனியாக விற்கிறார்கள். நமக்கு எதற்கு? தடைக்காலத்தில் விசைப்படகுகளின் இழுவலை மடிகள் கரையில்தான் கிடக்கும். மடியின் வால்பகுதியில் கண்ணி சின்னது, நூல் தடிமன். ட்ரோன் வந்து மோதினால் மெத்தையில் விழுந்த மாதிரி பட்டுக் கீழே சரியும். ஒரு மாதம் இரவல் கேளுங்கள்.

தங்கூசி வலையை, அதாவது நைலான் நரம்பு வலையை மட்டும் வாங்காதீர்கள். முதல் வருடம் நண்டு வலை ஒன்றைக் கட்டினோம். பார்க்கக் கண்ணாடி மாதிரி அழகாக இருந்தது. முதல் நாளே ஒரு ட்ரோன் அதில் மோத, விசிறி தங்கூசியை இழுத்து மோட்டார் தண்டில் நெல் அளவு உருண்டையாகச் சுற்றிவிட்டது. ஊக்கு, பிளேடு, கடைசியில் ஊதுபத்தி நெருப்பு என்று ஒரு பிள்ளை முக்கால் மணி நேரம் போராடி எடுத்தாள். எடுத்தபின் அந்த மோட்டார் முனகியது, சுற்றவில்லை.

20 அடிக்கு 15 அடி போதும். ஜன்னல் கம்பியிலும் மூங்கிலிலும் கட்டித் தொங்கவிடுங்கள். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி இருக்கட்டும். அடியில் ஒரு அடி தரையில் புரள விட்டு, ஈயக் குண்டு கோத்த கயிற்றை அதன்மேல் போட்டால் இடைவெளி விழாது. கட்டுவதற்கு முன் நன்றாக அலசிக் காயவைக்க மறக்காதீர்கள். நாங்கள் மறந்தோம். இரண்டு நாள் ஊர்ப்பூனை முழுக்கப் பயிற்சிக்கு வந்தது.

வலைக்குள் ஓட்டுகிற குழு மட்டும்தான் நிற்க வேண்டும். கண்ணுக்கு வெல்டிங் கடையில் கிடைக்கும் நிறமில்லாத கண்ணாடி. நீண்ட பின்னலை மடித்துக் கட்ட வேண்டும், துப்பட்டாவை ஊக்குப் போட்டுக் குத்த வேண்டும். 60 கிராம் ட்ரோன் என்ன செய்துவிடும் என்று அலட்சியமாக இருக்காதீர்கள். விரலில் பட்டால் கீறும், கண்ணில் பட்டால் கண் போகும்.

பேட்டரிதான் கால அட்டவணை

புதியவர்கள் எல்லாரும் இடறுவது இங்கேதான். ஒரு பேட்டரி ஏறக்குறைய 7 நிமிடம் பறக்க வைக்கும், திரும்ப ஏறுவதற்கு ஒரு மணி நேரம் வரை எடுக்கும். ஒரு ட்ரோனுக்கு 4 பேட்டரி இருந்தால் ஒரு காலையில் 28 நிமிடப் பறப்பு, குழுவில் ஆளுக்கு 7 நிமிடம். கேட்கக் குறைவாகத் தோன்றும். ஆனால் பழகுகிற பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 7 நிமிடத்துக்கு மேல் கவனம் நிற்பதில்லை.

இவை லித்தியம் பாலிமர் பேட்டரிகள். ஒற்றைச் செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். 3.5க்கு வந்துவிட்டால் இறக்கிவிட வேண்டும். அதற்கும் கீழே ஓட்டினால் பேட்டரி கெடும். நாள்கணக்கில் சும்மா வைப்பதானால் 3.8 அளவில் வைக்க வேண்டும், முழுதாக ஏற்றி வைக்கக் கூடாது. உப்பிப்போன பேட்டரியை, இன்னும் வேலை செய்கிறதே என்று ஆசைப்பட்டு வைத்துக்கொள்ளாதீர்கள். ஏற்றும்போது ஒரு மண்சட்டியில் காய்ந்த மணலைப் பரப்பி, அதற்குள் வைத்து ஏற்றுங்கள். தீப்பிடித்தாலும் சட்டிக்குள்ளேயே அடங்கும். வெயிலில் சுட்ட பேட்டரியை உடனே ஏற்றக் கூடாது. ஆளில்லாத அறையில் ஏற்றவே கூடாது. எங்கள் ஊரில் கோடையில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாததால், பேட்டரிகளை முந்தின நாள் மாலையே ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்து ஏற்றிவிடுவோம்.

குழுவைப் பிரிப்பது

நாலு பேருக்கும் நாலு வேலை. ஓட்டுபவர். ட்ரோனையே பார்த்துக்கொண்டு நின்று, ஆள் வந்தால், தாழ்ந்தால், சாய்ந்தால் சொல்லும் ‘கண்’. பேட்டரி, விசிறி, திருகு பார்க்கும் மெக்கானிக். ஒவ்வொரு பறப்பையும் நோட்டில் எழுதுபவர். ஒவ்வொரு பேட்டரி மாறும்போதும் வேலையும் மாறும். படகில் போய்வருகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. படகின் முன்முனையான அணியத்தில் நிற்கிறவர் கத்தினால் டிரைவர் ஏன் என்று கேட்கமாட்டார், இன்ஜினைக் குறைப்பார். அதே மாதிரி ‘கண்’ “இறக்கு” என்றால் ஓட்டுபவர் அந்த நொடியில் இறக்க வேண்டும். விவாதம் இறங்கிய பிறகு.

குழுக்களை நீங்களே பிரியுங்கள். பிள்ளைகளிடம் விட்டால் ஒரே தெரு, ஒரே வகுப்பு என்று சேர்ந்துகொள்வார்கள்.

முதல் இரண்டு வாரம்

முதல் நாள் ட்ரோனைப் பறக்கவிடவே வேண்டாம். தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டு, ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டி ட்ரோனாக நிறுத்துங்கள். இன்னொரு பிள்ளை கட்டளை கொடுக்கட்டும்: முன்னே இரண்டடி, வலப்பக்கம் திரும்பு, முன்னே ஓரடி. சிரிப்பும் சண்டையுமாகப் போகும். ஆனால் ‘வலப்பக்கம் திரும்பு’ வேறு, ‘வலப்பக்கம் நகர்’ வேறு என்பது பத்து நிமிடத்தில் மண்டையில் ஏறிவிடும். என் வலமா உன் வலமா என்ற குழப்பமும் அங்கேயே தீரும்.

அப்புறம் நாலு விசிறிகளைக் காட்டுங்கள். மூலைக்கு மூலை எதிரெதிராக உள்ள இரண்டும் ஒரே பக்கம் சுற்றும், மற்ற இரண்டும் எதிர்ப்பக்கம் சுற்றும். நாலும் ஒரே பக்கம் சுற்றினால் ட்ரோன் பம்பரமாகிவிடும். ஒரு சோடி கொஞ்சம் வேகம் கூடி மற்றது குறைந்தால் ட்ரோன் நின்ற இடத்தில் திரும்பும். பின்னால் உள்ள இரண்டும் வேகம் கூடினால் மூக்கு தாழ்ந்து முன்னே போகும். இதைச் சொல்லிக்கொடுப்பதைவிட, ஒரு விசிறியை வேண்டுமென்றே மாற்றி மாட்டி, எல்லாரும் வலைக்கு வெளியே நின்றபடி ஒருமுறை கிளப்பிக் காட்டுங்கள். எழும்பும் முன்பே குப்புறக் கவிழும். அதற்குப் பிறகு விசிறி மாட்டும்போது எந்தப் பிள்ளையும் அசட்டையாக இருந்ததில்லை.

ஓட்டுவதில் அவசரம் வேண்டாம். ஏற்றி இறக்குவது மட்டும் ஆளுக்கு 20 தடவை. பிறகு இடுப்பு உயரத்தில் அசையாமல் நிறுத்துவது. அடுத்து, ட்ரோனின் வால் தங்களைப் பார்த்தபடி ஒரு சதுரம். அதற்குப் பிறகு மூக்கைத் தங்கள் பக்கம் திருப்பி அதே சதுரம். இந்தக் கடைசி ஒன்றில்தான் எல்லாரும் அழுவார்கள், ஏனென்றால் இடமும் வலமும் தலைகீழாகிவிடும். இதில் தேறியவர்களுக்கு எட்டுப் போடுவது எளிது.

ட்ரோன் ஒரே இடத்தில் நிற்காமல் நழுவிக்கொண்டே போனால் உடனே ட்ரோனைக் குறை சொல்லாதீர்கள். இந்த வகை ட்ரோன்கள் பலவற்றில் அடியில், படம் பிடிப்பதற்கு இல்லாமல் தரையைப் பார்ப்பதற்கு மட்டும் ஒரு சின்னக் கேமரா இருக்கும். தரையில் உள்ள புள்ளியும் கோடும் நகர்வதை வைத்துத்தான் தான் நகர்கிறோமா என்று அது கண்டுபிடிக்கும். மழமழவென்ற சிமெண்டுத் தரையில் அதற்குப் பிடிப்பு கிடைக்காது. நாங்கள் வண்ணம் கலந்து பின்னிய பனையோலைப் பாய் நாலை விரித்தோம். ட்ரோன் ஆணியடித்த மாதிரி நின்றது. பாயைச் சுருட்டினால் மறுபடி நழுவியது. பாய் கொடுத்த பாட்டிக்கே அதில் பெருமை தாங்கவில்லை.

நிரலும் நோட்டும்

மூன்றாவது வாரம் ரிமோட்டை வாங்கி வைத்துவிட்டு நிரலுக்குப் போங்கள். கைபேசியிலேயே கட்டங்களை அடுக்கலாம். கிளம்பு, இரண்டு நொடி முன்னே, திரும்பு, இறங்கு. முதல் நாள் பிள்ளைகள் கண்கட்டி விளையாடிய அதே கட்டளைகள்தான்.

இங்கே ஒரு சம்பவம். ஒரு குழு, பாயின் நடுவில் இறங்குவதற்கு ‘இரண்டு நொடி முன்னே’ என்று நிரல் எழுதியிருந்தது. முதல் தடவை ட்ரோன் பாயைத் தாண்டிப் போய் விழுந்தது. நேரத்தைக் குறைத்தார்கள், சரியாக இறங்கியது. நாலாவது தடவை அதே நிரலுக்குப் பாய்க்கு முன்னாலேயே இறங்கிவிட்டது. ட்ரோனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஓட்டிய பையன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். நோட்டு எழுதும் பிள்ளை தன் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். அதில் இவ்வளவுதான் இருந்தது: “4.1 – தாண்டியது. 4.0 – சரி. 3.7 – பத்தலை.” பேட்டரி இறங்க இறங்க அதே நிரலுக்கு ட்ரோன் போகும் தூரம் குறைந்திருக்கிறது. ஒருத்தரும் சொல்லிக்கொடுக்காமல் அவளே பிடித்துவிட்டாள். அவள் அப்பாவிடம் கேட்டபோது, “நீவாடு எதிர்த்தா ஒரு மணி நேர ஓட்டம் ஒன்றரை மணி நேரம் ஆகுறதில்லையா, அது மாதிரிதான்” என்றாராம். நீவாடு என்றால் கடல் நீரோட்டம். இப்படி ஒரு நாள் வரும் என்பதற்காகவே நோட்டுக்கு மதிப்பெண் வைக்கிறேன்.

ஒவ்வொரு பறப்புக்கும் நோட்டில் ஐந்து விஷயம் போதும்: யார் ஓட்டியது, தொடக்க வோல்ட், என்ன செய்ய நினைத்தோம், என்ன நடந்தது, அடுத்து எதை மாற்றுவோம்.

போட்டிக்கு என்ன வைப்பது

வளையம், கம்பம் என்று பொதுவாக வைப்பதைவிட ஊர் விஷயமாக வைத்தால் பிள்ளைகள் நேரம் போவது தெரியாமல் யோசிக்கிறார்கள். நான் வைப்பது மூன்று.

முதலாவது கடற்பாசி மிதவை. மண்டபம், தொண்டிப் பக்கம் பாசி வளர்ப்பவர்கள் 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை கட்டுவார்கள். அதையே சின்னதாக்கித் தரையில் டேப் ஒட்டி ஒன்பது கட்டம் போடுங்கள். நிரல் மூலம் ட்ரோன் ஒவ்வொரு கட்டத்துக்கு மேலும் போய் ஒரு நொடி நின்று திரும்ப வேண்டும். கோட்டைத் தாண்டினால் அந்தக் கட்டத்துக்கு மதிப்பெண் இல்லை.

இரண்டாவது, சிரட்டையில் புளியங்கொட்டை. ட்ரோனின் அடியில் நூலில் கட்டிய ஒரு புளியங்கொட்டையை 10 அடி தள்ளியிருக்கும் சிரட்டைக்குள் வைக்க வேண்டும். புயல் நேரத்தில் தண்ணீர் சூழ்ந்த வீட்டுக்கு மருந்து இறக்குகிற கதையைச் சொல்லிக் கொடுப்பேன். 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனதைத் தாத்தா பாட்டிகளிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு, முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். உயரம் பார்க்கும் சென்சாருக்கு நேர் கீழே கொட்டை ஆடினால், தரை மேலே வந்துவிட்டது என்று ட்ரோன் நினைத்துக்கொண்டு துள்ளித் துள்ளி மேலே போகும். பின்கால் ஓரமாகக் கட்ட வேண்டும் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். நூல் ஒரு சாணுக்குள் இருக்கட்டும், விசிறியை எட்டக் கூடாது.

மூன்றாவது ‘சோடி’ ஓட்டம். இரண்டு குழுக்கள் ஒரே வலைக்குள், ஒரே நேரத்தில், ஒரே மதிப்பெண்ணுக்கு ஓட்டும். ஒன்று மேல் உயரத்தில் வட்டமிட, மற்றது கீழே நாலு பாய்களில் இறங்கி ஏறும். மோதினால் இருவருக்கும் பூஜ்யம். இந்த யோசனை என்னுடையது இல்லை. அமெரிக்காவில் ஆர்.இ.சி. ஃபவுண்டேஷன் நடத்தும் பள்ளி ட்ரோன் போட்டியில் இரண்டு குழுக்கள் கைகோத்து ஆடும் சுற்று ஒன்று உண்டு. தனித்தனியாக ரிமோட் ஓட்டுவதற்கும், நிரலுக்கும், நோட்டும் நேர்காணலுமாகப் பேசிக் காட்டுவதற்கும் அங்கே தனித்தனிச் சுற்று. அந்தப் பிரிப்பை நாமும் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம்.

மதிப்பெண்

இதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். நீங்கள் எதற்கு மதிப்பெண் வைக்கிறீர்களோ அதைத்தான் பிள்ளைகள் பழகுவார்கள். நூறுக்கு நான் பிரிப்பது: பறப்புக்கு 40, நோட்டுக்கு 25, பாதுகாப்புக்கு 20, நேர்காணலுக்கு 15. வேகத்துக்கு ஒன்றுமே கிடையாது.

பறப்பில் நாலு பேரும் ஓட்டியாக வேண்டும். நாலு பேரின் மதிப்பெண்ணையும் கூட்டும்போது, அதில் மிகக் குறைந்ததை மட்டும் இரண்டு தடவை கூட்டி, ஐந்தால் வகுத்துக்கொள்வேன். இந்த ஒரே ஒரு விதி எல்லாவற்றையும் மாற்றியது. முதல் வருடம் ரிமோட்டை விடாமல் பிடித்திருந்த அதே பையன், அடுத்த வருடம் தன் குழுவில் கை நடுங்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று, “மெதுவா, மெதுவா, விரலை எடுக்காதே” என்று ஒரு வாரம் கத்திக்கொண்டிருந்தான். நல்ல மனசு வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கணக்குப் போட்டுத்தான் செய்தான். செய்தானா இல்லையா, அது போதும்.

இன்னும் இரண்டு விதி. ட்ரோன் விழுந்தால், ஏன் விழுந்தது என்று ஐந்து நிமிடத்துக்குள் சரியாக எழுதிக் கொடுத்த குழுவுக்கு, இழந்த மதிப்பெண்ணில் பாதி திரும்பக் கிடைக்கும். ‘கண்’ சொல்லி ஓட்டுபவர் இறக்கிவிட்டால், வீணாகச் சொல்லியிருந்தாலும் மதிப்பெண் குறையாது, மறுபடி ஓட்டலாம். சொல்லியும் இறக்காவிட்டால் பாதுகாப்புக்கான 20ல் பத்து போய்விடும். இந்த விதியைத் தளர்த்தச் சொல்லி ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு அப்பா சண்டைக்கு வருவார். தளர்த்தாதீர்கள்.

போட்டி நாள்

காலை ஏழு மணிக்குத் தொடங்கி பத்தரைக்கு முடித்துவிடுங்கள். சிறப்பு விருந்தினரை முடிவில் பேச விடுங்கள், தொடக்கத்தில் விட்டால் பேட்டரி ஏற்றிய பலன் போய்விடும். கலாம் பெயரைச் சொல்லாமல் நம் மாவட்டத்தில் எந்த அறிவியல் விழாவும் தொடங்காது, சொல்லட்டும், ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கட்டும். நடுவர்களில் ஒருவராவது படகு ஓட்டுபவராக இருந்தால் நேர்காணல் உருப்படியாக இருக்கும். இயற்பியல் ஆசிரியர் கேட்காத கேள்வியை அவர் கேட்பார். “காத்து மாறினா என்ன பண்ணுவே?” என்று ஒருவர் கேட்டதற்கு மூன்று குழுக்கள் முழித்தன.

பார்வையாளர்களின் கைபேசி வைஃபையை அணைக்கச் சொல்லுங்கள். வைஃபையில் இயங்கும் ட்ரோன் கூட்டத்தில் திணறும். பயிற்சியில் 16 பேர் இருந்தபோது வராத பிரச்சினை, 150 பேர் வந்த அன்று வந்தது.

அடுத்து எங்கே

இரண்டு வருடம் இப்படிப் பழகிய பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. இந்தியா நடத்தும் ஏரோதான் ட்ரோன் போட்டி மாதிரியான போட்டிகளில் குழுவாகச் சேரலாம். 2025ல் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் தொடங்கிய நிடார் ட்ரோன் போட்டியில் பேரிடர் மீட்பும் துல்லிய விவசாயமும்தான் களங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து தக்‌ஷா குழு 2018ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. அங்கேயும் வேலை, தூரத்தில் இருப்பவரிடமிருந்து மருத்துவ மாதிரியை வாங்கிவருவதுதான். நம் புளியங்கொட்டைக்குப் பெரியண்ணன் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். 18 வயது ஆனவர்கள் சான்றிதழ் பெற விரும்பினால், தமிழக அரசின் ஆளில்லா விமானங்கள் கழகம் அதே எம்.ஐ.டி. வளாகத்திலிருந்து பயிற்சி தருகிறது.

போட்டி முடிந்த மறுநாள் வேலை இருக்கிறது. பேட்டரிகளை 3.8க்கு இறக்கி, ட்ரோன்களை ஈரமில்லாத துணியால் துடைத்து, காற்றுப் புகாத எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடுங்கள். வெளியே வைத்தால் ஒரு மழைக்காலத்திலேயே உப்புக்காற்று இணைப்புகளைப் பச்சையாக்கிவிடும். கூடத்தைக் கூட்டிச் சாவியை ஒப்படையுங்கள். மடியை அவிழ்த்து, நாலு பேர் நாலு பக்கம் பிடித்து உதறி, கண்ணிகளில் சிக்கியிருக்கும் விசிறித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுங்கள். ஜூன் 14 நள்ளிரவுக்குள் அது படகில் ஏறியிருக்க வேண்டும்.